சைடு கேட்டுக்கு இரண்டு பக்கம்

மார்ச் 3

குடியிருப்போர் சங்கக் கூட்டம். நாங்கள் அரசியலுக்கு அப்பாற்பட்டவர்கள் என்பதை வலியுறுத்தி ஒன்றரை மணி நேரம் அரசியல் பேசினார்கள். அதற்குள் சமோசா ஆறிவிட்டது.

எங்கள் குடியிருப்புக்கு ஆம்பர் லேக்வியூ என்று பெயர். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி ஏழு கோபுரங்கள். ஏரியைப் பார்க்கலாம் என்று சொல்லி விற்றார்கள். பொய் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிப் போனால் பார்க்கலாம்.

சங்கத் தலைவர் மோகன்தாஸ் சார் பெரிய கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுப்பதும் அனுப்புவதுமான துறைக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பிய அனுபவம் இருப்பதால் பேச்சில் எப்போதும் ஒரு கனிவு. இன்று அவர் கொண்டுவந்த தீர்மானம்: வரும் தேர்தலில் நம் கிளப் ஹவுஸிலேயே ஓட்டுச்சாவடி வேண்டும். இதுவரை எங்களுக்கு மதிலுக்குப் பின்னால் இருக்கும் ஹவுசிங் போர்டு பள்ளிக்கூடம்தான் சாவடி. ஆற்றோரங்களிலிருந்து அரசாங்கம் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த சனங்கள் அங்கே இருக்கிறார்கள்.

"இது நம்ம வசதிக்காக இல்லை. டெமாக்ரஸிக்காக" என்றார் மோகன்தாஸ் சார்.

மூன்றாவது கோபுரத்து அம்மாள் எழுந்து, போன தேர்தலில் தனக்கு முன்னால் தன் வீட்டு வேலைக்காரி நின்றதாகச் சொன்னார். "அவ போட்டுட்டுப் போய்ப் பாத்திரமே தேய்ச்சு முடிச்சிட்டா. நான் வெயில்ல நின்னுட்டே இருந்தேன்." எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

என் மகன் செங்கதிர் வரவில்லை. வீட்டிலிருந்தே வேலை, கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் இருக்கிறான். முன்பெல்லாம் கதவைத் தாண்டி இங்கிலீஷ் கேட்கும். இரண்டு மாதமாகக் கேட்பதில்லை. கம்பெனியில் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள் போலிருக்கிறது.

மார்ச் 6

எஸ்தர் இன்றும் தாமதம். ஹவுசிங் போர்டிலிருந்து வந்து எங்கள் கோபுரத்தில் நான்கு வீடுகளில் வேலை பார்க்கிறாள். பொங்கல் கழிந்த கையோடு சங்கம் ஹவுசிங் போர்டுப் பக்கத்துச் சைடு கேட்டைப் பூட்டிவிட்டது, பாதுகாப்புக்காக. அந்த வழியில் எஸ்தர் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவாள். இப்போது மதிலைச் சுற்றி, நடைபாதை இல்லாத சர்வீஸ் ரோட்டில், தண்ணீர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வர வேண்டும்.

வேலைக்காரர்கள் நேரத்துக்கு வருவதில்லை என்று வாட்ஸப் குழுவில் பெரிய அங்கலாய்ப்பு. கேட்டைப் பூட்ட வேண்டும் என்று கைதூக்கியவர்கள்தான் அங்கலாய்க்கிறார்கள். நானும் அன்று கை தூக்கினேனா என்று நினைவில்லை. தூக்கியிருப்பேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தூக்கினார்கள்.

"அந்தப் பூட்ட யாராண்ட கேட்டா தொறப்பாங்கம்மா?" என்று எஸ்தர் கேட்டாள்.

"கமிட்டிகிட்ட கேக்கணும்."

"கமிட்டின்னா?"

"நாங்கதான்."

அவள் பாத்திரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

மார்ச் 9

மோட்டார் ரிப்பேர். லாரித் தண்ணீர்.

மார்ச் 12

வேட்பாளர் எழிலரசு கிளப் ஹவுஸுக்கு வந்தார். எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. இந்த டைரி முடிவதற்குள் அவர் மாறிவிட்டால் அடித்துத் திருத்த வேண்டும்.

கூட வந்த ஒன்றியச் செயலாளர், சாவடிக் கணக்கைப் பார்க்கும் பாக முகவர் எல்லோரும் எங்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய் விசாரித்தார்கள். உள்ளே நம்ம ஆளுங்க எத்தனை வீடு? அவங்க ஆளுங்க எத்தனை வீடு? தெலுங்கு பேசறவங்க? கிறிஸ்டீன்ஸ்? என்னிடம் சொந்த ஊர் கேட்டு, அப்பா பேர் கேட்டு, குலதெய்வம் வரைக்கும் வந்துவிட்டார் ஒருவர். வீடு சொந்தமா வாடகையா, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

மோகன்தாஸ் சார் கோரிக்கை வைத்தார். சைடு கேட் இருக்கும் இடத்தில் நிரந்தரமாக ஒரு மதில். வேட்பாளர் நெஞ்சில் கைவைத்து, "ஜெயிச்ச மூணே மாசத்துல சுவரு நிக்கும் சார்" என்றார். கூடவே ஜிம்முக்கு இரண்டு டிரெட்மில் அனுப்புவதாகச் சொன்னார். கைதட்டல். உள்ளே இருப்பவர்கள் நடப்பதற்கு மெஷின், வெளியே இருப்பவர்கள் நடப்பதற்கு சர்வீஸ் ரோடு.

திரும்பி வரும்போது லிஃப்டில் மோகன்தாஸ் சார் வருத்தப்பட்டார். "ஹவுசிங் போர்டு ஆளுங்களைத் திருத்தவே முடியாது மேடம். ஓட்டை விக்கறாங்க."

"டிரெட்மில் எப்ப வருது சார்?" என்று கேட்டேன்.

"நாளைக்கே" என்றார், மலர்ந்து.

மார்ச் 17

மருமகள் சுகந்தி சமையல்கார அம்மாவை நிறுத்திவிட்டாள். என் கைச் சமையல் மாதிரி வராதாம். ஆறு வருஷம் கழித்து வந்த ஞானம். காரையும் விற்றாயிற்று, காற்று மாசுபடுகிறதாம். சுகந்தி தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போகிறாள். பேத்தியின் நடன வகுப்பும் நின்றுவிட்டது. குழந்தைக்கு முட்டி வலியாம். குழந்தையோ ஹாலில் குதித்துக்கொண்டிருக்கிறது.

எஸ்தருக்கு இனி பாத்திரம் மட்டும். வீடு பெருக்குவதும் துடைப்பதும் நானே. இந்த வயதில் குனிந்து நிமிர்வது நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எந்த டாக்டர் என்று எஸ்தர் கேட்கவில்லை.

"தம்பிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"அதெல்லாம் நல்லா இருக்கான். வேலை ஜாஸ்தி."

கதிர் மத்தியானம் வெளியே போனான். வாடிக்கையாளர் சந்திப்பாம். சந்திப்புக்கு இரண்டு ஹெல்மெட் எடுத்துக்கொண்டு போகிறான்.

மார்ச் 21

ஓட்டுச்சாவடி கிடைத்துவிட்டது! கிளப் ஹவுஸில் கேசரி.

மார்ச் 24

அவசரக் கூட்டம். கேசரியெல்லாம் கசந்துவிட்டது.

தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி பட்டியலோடு வந்திருந்தார். இத்தனை வீடுகள் இருந்தும் இந்த விலாசத்தில் ஓட்டு வைத்திருப்பவர்கள் முன்னூறு பேர்கூட இல்லை. மற்றவர்கள் சொந்த ஊரில் வைத்திருக்கிறார்கள், அல்லது வைத்துக்கொள்வதே இல்லை. முன்னூறு பேருக்காகத் தனிச் சாவடி போட முடியாது. பள்ளிக்கூடத்திலோ கூரை வேலை நடக்கிறது. அதனால் ஹவுசிங் போர்டின் நான்கு பிளாக்குகளையும் எங்கள் கிளப் ஹவுஸில் சேர்த்துவிட்டார்கள்.



"அவங்க எப்படி உள்ள வருவாங்க?" என்றார் மோகன்தாஸ் சார்.

"நடந்துதான் சார். அன்னைக்கு அந்த சைடு கேட்டைத் திறந்து வைக்கணும். ஆமா, பிளான்ல இது பொதுப்பாதைன்னுதானே போட்டிருக்கு? எதுக்குப் பூட்டினீங்க?"

"செக்யூரிட்டி பர்பஸ்."

"சாவடியை ரத்து பண்ணிடலாமே, எங்களுக்கு டெமாக்ரஸி பழைய இடத்துலயே இருக்கட்டும்" என்றார் மூன்றாவது கோபுரத்து அம்மாள். இனி மாற்ற முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். அவர் போனபிறகு நீச்சல் குளத்தைச் சுற்றிப் படுதா கட்டலாமா, புல்வெளிக்குக் கயிறு கட்டலாமா, பூச்சட்டிகளை மாடிக்கு ஏற்றலாமா என்று விவாதம். கழிப்பறையைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்கள்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து கதிரிடம் சொன்னேன். வெகுநாள் கழித்து அவனும் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டு, "உள்ள வந்தாத்தாம்மா தெரியும், அவங்க எத்தனை பேருன்னு" என்றான். அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 29

எஸ்தர் வரவில்லை. காலை ஏழு மணிக்கே குழுவில்: "எஸ்தருக்கு மாற்று ஆள் உடனே தேவை, வீட்டில் விருந்தினர்." பத்து மணிக்குக் காவலாளி சொன்னான்: நேற்று மாலை சர்வீஸ் ரோட்டில் ஒரு பைக் தட்டிவிட்டுப் போய்விட்டதாம், கை உடைந்துவிட்டது. குழுவில் இதைப் போட்டேன். பன்னிரண்டு பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். பதின்மூன்றாவதாக, "அப்போ எத்தனை நாள் லீவு?"

ரசமும் ஒரு டப்பா சோறும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மதிலைச் சுற்றி நான் நடந்தது இதுதான் முதல் தடவை. இரண்டு முறை சாக்கடைப் பக்கம் ஒதுங்கினேன். ஒரு லாரிக்காரன் என்னைக் கிழவி என்று திட்டினான். ஆறு வருஷமாக இங்கே எல்லோருக்கும் நான் மேடம்.

ஹவுசிங் போர்டு முனையில் டீக்கடை. அதன் எதிரில் பைக் டாக்ஸிக்காரர்கள் நான்கைந்து பேர் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார்கள். நடுவில் கதிர். கையில் டீ கிளாஸ். எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது ஹெல்மெட் கண்ணாடிக் கம்பியில் தொங்கியது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

எஸ்தரின் வீடு மூன்றாவது மாடி. ஒற்றை அறை. இடது கையில் மாவுக்கட்டு. "நீ இன்னாத்துக்கும்மா இம்மாந்தூரம் வந்தே? ஒக்காரு" என்றாள். என் வீட்டில் நான் அவளுக்கு நீங்க. அவள் வீட்டில் நீ. அங்கே உட்கார்ந்திருந்தபோது அதுதான் சரியாகப் பட்டது.

"ரத்தம் நிக்கல. யாரும் வண்டிய நிறுத்தல. தம்பிதான் தூக்கி ஒக்கார வச்சு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போச்சு. ராத்திரி வரிக்கும் கூடவே இருந்துச்சும்மா. உன்னாண்ட சொல்லாதன்னுச்சு."

"எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?"

"தை மாசத்துலேருந்து. நான் வர்ற போற ரோட்லதானே நிக்கும்."

ரசத்தை ஊற்றிக் கொடுத்தேன். உப்பு கம்மி என்றாள்.

ஏப்ரல் 3

எஸ்தர் வீட்டுக்குப் போயிருந்தபோது கீழே மேளம். வேட்பாளர் எழிலரசு இங்கே பிரசாரத்துக்கு வந்திருந்தார். அதே ஒன்றியம், அதே பாக முகவர், அதே கேள்விகள். நம்ம ஆளுங்க எந்த பிளாக்? சர்ச்சுக்குப் போறவங்க எந்த பிளாக்? மதிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கணக்குதான் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

திறந்த ஜீப்பில் நின்று மைக்கைப் பிடித்தார். "தாய்மார்களே! பணக்காரங்க பூட்டி வச்சிருக்கிற அந்தப் பாதையை, ஜெயிச்ச மூணே மாசத்துல தொறந்து காட்டுவான் இந்த எழிலரசு!" ஒரே விசில். எஸ்தர் ஒற்றைக் கையால் தொடையில் தட்டினாள்.

பிறகு இறங்கி ஒவ்வொருவராகக் கும்பிட்டு வந்தார். என் முன்னால் நின்று, "அம்மா, உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். என் வீட்டுக்காரர் போக்குவரத்துக் கழகத்தில் தொழிற்சங்கம் தொழிற்சங்கம் என்று அலைந்தவர். அவரை வாயைக் கட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினேன். அதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"கிளப் ஹவுஸ்ல பார்த்தீங்க தம்பி. போன மாசம். அதே மூணு மாசத்துல அதே இடத்துல சுவர் எழுப்பறேன்னு சொன்னீங்க. முதல்ல தொறந்துட்டு அப்புறம் கட்டுவீங்களா, கட்டிட்டு அப்புறம் தொறப்பீங்களா?"

மேளம் நின்றுவிட்டது. பாக முகவர், "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, ஏதோ குழப்பிக்கிறாங்க" என்றார். எஸ்தர் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"யாரு கொழப்பறது? டிரெட்டுமில்லு வந்து எறங்கனத என் கண்ணால பாத்தேன். என்னியக் கூப்ட்டு தொடைக்கச் சொன்ன மிசினு அது. சொல்லு, செவுரா, வழியா?"

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு நல்ல முடிவு எடுப்போம்மா" என்றார் வேட்பாளர். ஜீப் கிளம்பியது. பின்னாலேயே கொஞ்ச தூரம் பெண்கள் கத்திக்கொண்டே போனார்கள். என்ன கத்தினார்கள் என்று இங்கே எழுத முடியாது.

ஏப்ரல் 5

மோகன்தாஸ் சார் வீட்டுக்கு வந்தார். வழக்கத்தைவிடக் கனிவு அதிகம். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், நம்ம கம்யூனிட்டி விஷயத்தை நீங்க அங்க போய்ப் பேசினது சரியில்லை. நாம எல்லாரும் ஒரே குடும்பம்."

"அதான் சார், குடும்பத்துல ஒருத்தி ரோட்ல அடிபட்டுக் கிடந்தா. பார்க்கப் போனேன்."

"எஸ்தரைச் சொல்றீங்களா? நான் ரெசிடென்ட்ஸைச் சொன்னேன்." காபியைக் கீழே வைத்தார். "இன்னொண்ணு. சொல்ல சங்கடமா இருக்கு. உங்க பையன் பைக் டாக்ஸி ஓட்டறதா ஒரு பேச்சு வருது. நான் நம்பலை. ஆனா நாலு பேர் பார்த்துட்டா இந்த இடத்தோட மதிப்பு என்ன ஆகும்?"

சுகந்தி சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். சாத்தியிருந்த கதவு திறந்தது. கதிர் வெளியே வந்தான். பைக் டாக்ஸிச் சட்டையோடேயே.

"நம்பலாம் சார். போன செவ்வாய்க்கிழமை உங்க பொண்ணை மெட்ரோ ஸ்டேஷனுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். ஹெல்மெட் போட்டிருந்ததால அடையாளம் தெரியலை. அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கா. தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க."

மோகன்தாஸ் சார் காபியைக் குடித்து முடிக்காமலேயே போய்விட்டார்.

பிறகு மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். டிசம்பர் கடைசியிலேயே வேலை போய்விட்டதாம். ஒரே மின்னஞ்சலில் இருநூறு பேர். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலைம்மா" என்றான். எனக்குத் தெரியும் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கும்தான் தெரியவில்லை. சுகந்தி முதலில் அழுதாள். அப்புறம், "அப்போ இனிமே நான் அத்தை சமையலைப் புகழ வேண்டாம்தானே?" என்று கேட்டாள். அதற்கு நான்தான் முதலில் சிரித்தேன்.

ஏப்ரல் 17

வாக்குப்பதிவு. வெள்ளிக்கிழமை, சனி, ஞாயிறு சேர்ந்த விடுமுறை. டெமாக்ரஸிக்காகச் சாவடி கேட்டவர்களில் பாதிப் பேர் ஏற்காட்டிலும் புதுச்சேரியிலும் இருந்தார்கள். மூன்றாவது கோபுரத்து அம்மாள் படகில் உட்கார்ந்த படம் குழுவில் வந்தது. "எல்லோரும் தவறாமல் வாக்களியுங்கள்" என்று கீழே எழுதியிருந்தார்.

சைடு கேட் விடியற்காலையிலேயே திறந்துவிட்டது. ஏழு மணிக்கெல்லாம் வரிசை புல்வெளியைச் சுற்றி, விளையாட்டுத் திடலைச் சுற்றி, சைடு கேட்டைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி வந்திருந்தார்கள். மோகன்தாஸ் சார் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு குடியிருப்பவர்களுக்குத் தனி வரிசை போடப் பார்த்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரப் பெண், "வீட்டுக்காரங்க லைன்லாம் கிடையாது சார். ஆம்பள லைன், பொம்பள லைன். நீங்க எதுல நிக்கறீங்க?" என்றார்.

நீச்சல் குளப் படுதாவில் யாரோ ஒரு கிழிசலைப் பெரிதாக்கியிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி அதன் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இம்மாந் தண்ணிய வச்சிகினு இன்னா பண்றாங்க?"

"குளிக்கிறாங்க" என்றேன்.

"ஏன், வூட்ல பாத்ரூம் கட்டல?"

வயதானவர்கள் முன்னால் போகலாம் என்றார்கள். நான் போகவில்லை. பெருந்தன்மையெல்லாம் இல்லை. எஸ்தரோடு பேச்சு பாதியில் இருந்தது. கதிர் ஆண்கள் வரிசையில் டீக்கடைக் கூட்டாளிகளோடு நின்றான். யார் பார்த்தால் என்ன என்று நிற்பவன் மாதிரி நிற்க முயற்சி செய்தான். பத்து மணிக்கு மேல் நிஜமாகவே அப்படி நின்றான். மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரலில் எஸ்தருக்கு மை வைத்தார்கள்.

மாலை பெட்டிகளை ஏற்றிய வண்டி போனது. போன கையோடு சைடு கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

மே 4

எழிலரசு ஜெயித்துவிட்டார். எங்கள் சாவடியில் மட்டும் படுதோல்வி. தொகுதியில் மற்ற சாவடிகளில் அவரை யாரும் இரண்டு இடத்தில் பார்க்கவில்லை போலிருக்கிறது.

டிவியில் இரவுவரை விவாதம். எந்தச் சாதி எந்தப் பக்கம் சாய்ந்தது, கூட்டணிக் கணக்கு, அலை, அலைக்கு எதிர் அலை. ஒரு நிபுணர் எங்கள் தொகுதி வரைபடத்தில் வட்டம் போட்டு, இந்தப் பகுதியில் மட்டும் ஓட்டு மாறி விழுந்ததற்குக் காரணம் குறிப்பிட்ட ஒரு சமூகத்தின் அதிருப்தி என்றார். எந்தச் சமூகம் என்று தெரிந்துகொள்ள நானும் ஆவலாகத்தான் கேட்டேன். நடப்பவர்கள் என்று ஒரு சமூகத்தை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

மே 28

வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. வங்கித் தவணைக்கு வேறு வழியில்லை. வந்திருக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் நல்லவர்கள்; கம்பெனியில் வேலை நிரந்தரம் என்று இரண்டு முறை சொன்னார்கள். பாவம்.

நாங்கள் ஹவுசிங் போர்டுக்குப் பின் தெருவில் ஒரு மாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். பழைய விலாசத்திலிருந்து கூப்பிடு தூரம். நடந்து வந்தால் அரை மணி. சாமான் ஏற்றிய குட்டியானை வண்டி மதிலைச் சுற்றி இரண்டு நடை வந்தது. இறக்கி வைக்க எஸ்தர் ஆட்களைக் கூட்டி வந்தாள். வாட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். கைகூப்பும் பொம்மை இல்லாமல் ஒரு காலை விடிவது நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 8

திங்கள்கிழமை. கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள். நானும் எஸ்தரும் இன்னும் முப்பது பெண்களும் போனோம். மனுவை நான்தான் எழுதினேன். அந்தத் தேர்தல் அதிகாரி அன்று சொன்ன பொதுப்பாதை விஷயத்தையும் சேர்த்திருந்தேன்.

மனுக்களைப் பிரித்துப் பதிவு செய்யும் இளைஞர் படித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பாதையை மறிச்சவங்க வேற சாதியாம்மா?"

"ரெண்டு பக்கமும் எல்லாச் சாதியும் இருக்கு" என்றேன்.

"மதப் பிரச்சினை?"

"எங்க சர்ச்சுக்கு அங்க இருந்தும் வர்றாங்க சார். ஒரே பாட்டுத்தான் பாடறோம்" என்றாள் எஸ்தர்.

"கட்சித் தகராறு?"

"இல்லை."

"சாதி இல்ல, மதம் இல்ல, கட்சி இல்ல. அப்ப என்னதாம்மா பிரச்சினை?"

"அவங்களாண்ட காரு கீது சார். நாங்க நடக்கணும்" என்றாள் எஸ்தர்.

அவர் கம்ப்யூட்டரில் மேலும் கீழும் தேடினார். நிலத் தகராறு, முதியோர் உதவி, பட்டா என்று எல்லாம் இருந்தது. கடைசியில் ஒன்றைத் தட்டிவிட்டு ரசீதைக் கொடுத்தார்.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றோம். எஸ்தர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா போட்டுக்கிறாரு?"

"இதர."

"அப்டின்னா?"

"மத்தவங்க."

எஸ்தர் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கரெக்டாத்தான் போட்டுக்கிறாரு" என்றாள்.